டூப்ளிகேட் காரும் 75 மில்லிமீட்டரும்

"டூப்ளிகேட்"னு நாம ஒரு பொருளைச் சொல்லிட்டோம்னா, அதோட கதை அங்கேயே முடிஞ்சது. அதை யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டாங்க. பிளாட்பார்ம்ல வாங்கின ஹெட்செட்டுக்கு இது சரி. கார் விஷயத்துல இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு சொல்லிடாதீங்கன்னு கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல் முடிச்சுட்டு எம்.எஸ். படிக்க அமெரிக்காவுல மிச்சிகன் போனவன். டெட்ராய்ட்டுக்கு மேற்கே இப்சிலாண்டினு ஒரு சின்ன ஊர். அங்க ஒரு வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தேன். வீட்டு ஓனருக்கு 71 வயசு. டூல் அண்ட் டை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு அடம்பிடிச்சார், எனக்கு வாய் வரல. கடைசி வரைக்கும் "சார்"தான். அவர் என்னை "கிட்"னு கூப்பிடுவார். அவரோட கராஜ்ல ஒரு கார் நின்னுச்சு. வெள்ளி நிறம், தாழ்வான கண்ணாடி, முட்டையைக் கவிழ்த்து வெச்ச மாதிரி உடம்பு. பார்த்த உடனே போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர்னு நினைச்சேன். "இல்ல கிட், ஃபைபர்கிளாஸ்"னு கதவைத் தட்டிக் காட்டினார். டொக் டொக்னு பிளாஸ்டிக் வாளி சத்தம்.

ஒரிஜினல் ஸ்பீட்ஸ்டர் 1954ல வந்தது. மேக்ஸ் ஹாஃப்மன்னு நியூயார்க்ல ஒரு இறக்குமதியாளர் இருந்தார். அமெரிக்காவுல விக்கணும்னா 3000 டாலருக்குள்ள ஒரு கார் குடுங்கன்னு அவர் போர்ஷே கம்பெனியை நச்சரிச்சார். அதனால எல்லாத்தையும் குறைச்சு, ஜன்னல் கண்ணாடிகூட இல்லாம செஞ்ச கார் இது. அன்னைக்கு 'மலிவு மாடல்'. இன்னைக்கு நல்ல ஒண்ணு வேணும்னா லட்சக்கணக்குல டாலர் வேணும். அதனாலதான் ரெப்ளிகா. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட அடித்தட்டை எடுத்து, நடுவுல வெட்டி, சுருக்கி வெல்டு பண்ணி, மேல ஃபைபர்கிளாஸ் உடம்பை உட்கார வெச்சா ஸ்பீட்ஸ்டர் ரெடி.

"அடச்சே, பீட்டில் மேல போர்ஷே தோலா"ன்னு முகம் சுளிக்கிறீங்களா? கொஞ்சம் இருங்க. பீட்டிலை டிசைன் பண்ணவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அவர் மகன் ஃபெரி 1948ல ஆஸ்திரியாவுல க்மூண்ட்ங்கற ஊர்ல முதல் 356ஐ செஞ்சப்போ, இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக்னு பாதிக்கு மேல பீட்டில் சாமான்தான். போருக்கு அப்புறம் கையில கிடைச்சது அதுதான். அப்படிப் பார்த்தா ஒரிஜினலே பீட்டில்ல இருந்து கட்டின கார்தான். சார் செஞ்ச வேலையை ஃபெரி போர்ஷே அவருக்கு முன்னாடியே செஞ்சிருக்கார், அவ்வளவுதான். (இந்த வாதத்தை ஒரிஜினல் வெச்சிருக்கற ஆள் முன்னாடி சொல்லாதீங்க. நான் சொல்லிப் பார்த்திருக்கேன்.)

சரி, வேலைக்கு வருவோம். பீட்டிலோட வீல்பேஸ் 2400 மி.மீ. 356க்கு 2100. ஆக கிட்டத்தட்ட 1 அடி வெட்டணும். பீட்டிலுக்கு நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு டனல் ஓடும். கியர் ராட், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எல்லாம் அதுக்குள்ளதான். டனலை வெட்டினா உள்ள இருக்கற ஒவ்வொண்ணையும் அதே அளவு வெட்டணும். இந்த வெட்டு வேலையை சாருக்கு முன்னாடி யாரோ செஞ்சு, பாதியில விட்டிருந்தாங்க. அதை வாங்கி 6 வருஷம் உழைச்சு முடிச்சவர் சார். பெயின்ட், வயரிங், தோல் சீட், எல்லாம் கையால. வெல்டிங்கை நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆனா கார் ஓடற லட்சணம் மட்டும் சரியில்ல.

அவர் மனைவி அந்தக் கார்ல ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்காங்க. ஐ-94 ஹைவேல இருந்து இறங்கற வளைவான ராம்ப். சார் உள்ள நுழைஞ்சதும் வேகம் கொஞ்சம் அதிகம்னு தோணி ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்திருக்கார். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். எடுத்த உடனே பின்பக்கம் எகிறி, வெளிப்பக்கமா வழுக்கிட்டுப் போயிருக்கு. புல்வெளியில ஏறி நின்னதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னையில இருந்து அவங்க அந்தக் கார் பக்கமே வரல. "அது பொம்மை. பொம்மையில நான் ஏற மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒரு ஒரிஜினல் ஸ்பீட்ஸ்டரை ஷோரூம்ல பார்த்து, வாங்க முடியாம திரும்பி வந்தவங்க. அவங்க ஏறாத காரை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு, நான் போன சமயத்துல சார் விக்கறதுக்கு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தார்.

வித்தா யாரோ ஒருத்தர் வாங்கிட்டுப் போய் அதே ராம்ப்ல அதே மாதிரி காலை எடுப்பார். இதை நான் சொன்னேன். சார் ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் "குளிர்காலம் முழுக்க நேரம் இருக்கு"ன்னார். மிச்சிகன்ல நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ரோட்ல உப்பு கொட்டிடுவாங்க, இந்த மாதிரி காரை யாரும் வெளிய எடுக்க மாட்டாங்க. கராஜ்ல ஒரு ஹீட்டர், நான், சார், அந்தக் கார்.

அவரோட காபி நண்பர்கள் எல்லாரும் சொன்ன ஒரே யோசனை: பெரிய இன்ஜின் போடு. உள்ள இருந்தது 1600 சிசி, ஏர் கூல்டு, சாதாரண பீட்டில் இன்ஜின். அதை 1915 சிசி ஆக்கலாம், அதுக்கும் மேலயும் போகலாம், கடையில கிட்டே விக்கறாங்க. நம்ம ஊர்லயும் இதே கதைதானே? பைக் வளைவுல ஆடுதுன்னா ஏர் ஃபில்டரை மாத்துவோம். வளைவுல பயமுறுத்தற காருக்கு பவர் கூட்டறது, வயித்து வலிக்காரனுக்கு இன்னொரு இலை போடற மாதிரி.

முதல்ல எடை பார்த்தோம். ரேஸ் டீம்கள்ல நாலு சக்கரத்துக்கும் தனித்தனி எடை மெஷின் இருக்கும். எங்ககிட்ட இருந்தது பாத்ரூம் எடை மெஷின் ஒண்ணு, அதுவும் 150 கிலோ வரைக்கும்தான். முதல் வருஷ இன்ஜினியரிங் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. ஒரு பலகையோட ஒரு முனை மெஷின் மேல, மறுமுனை செங்கல் மேல. சக்கரத்தை செங்கல் பக்கத்துல இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல நிறுத்தினா, மெஷின் காட்டறது மொத்தத்துல மூணுல ஒரு பங்கு. பலகையோட எடையைக் கழிச்சுக்கணும், மத்த மூணு சக்கரத்துக்கு அடியிலயும் அதே உயரத்துக்கு பலகை வைக்கணும். ஒரு பின்சக்கரத்துக்கு 79 காட்டினா நிஜ எடை 237. இப்படி நாலையும் எடுத்தோம். முன்னாடி 314, பின்னாடி 480, மொத்தம் 794 கிலோ. கிட்டத்தட்ட 40க்கு 60. இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னால தொங்கற காருக்கு இது இயல்புதான். ஆனா இப்படிப்பட்ட காருக்கு பின்பக்கம் தப்பினா திரும்பப் பிடிக்கறது கஷ்டம். அதைத் தப்ப விடாம பாத்துக்கறதுதான் முழு வேலையும்.

அடுத்தது டயர். டயர் பக்கவாட்டுல 'டாட்'னு எழுத்தும் அதோட கடைசியில 4 எண்ணும் இருக்கும். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்களுக்குக் கிடைச்சது 1409. அதாவது 2009ஆம் வருஷத்தோட 14ஆவது வாரம். நாங்க பார்த்தது 2021ல. பட்டன் எல்லாம் புதுசு மாதிரி ஆழமா இருந்துச்சு, ஆனா ரப்பர் 12 வருஷமா காய்ஞ்சு கல்லாயிருந்தது. இதைப் படிச்சு முடிச்ச கையோட உங்க வீட்டு வண்டியில இந்த எண்ணைப் போய்ப் பாருங்க. வருஷத்துல கொஞ்ச தூரமே ஓடற கார்ல டயர் தேயறதே இல்ல, வயசாகித்தான் சாகும்.

நாலு புது டயர்தான் மொத்தத்துலயே பெரிய செலவு. காத்து முன்னாடி 18, பின்னாடி 26 பிஎஸ்ஐ. ஏன் வித்தியாசம்? எடை வித்தியாசமா இருக்கே. முன்னாடி காத்து குறைஞ்சா முன் டயர் கொஞ்சம் அதிகமா நெளியும், கார் வளைவுல முதல்ல முன்பக்கம் வழுக்கப் பார்க்கும். முன்பக்கம் வழுக்கினா சாதாரண ஆளுக்கும் புரியும், வேகம் குறைப்பான். கார் வாங்கினதுல இருந்து நாலு டயர்லயும் 30 இருந்திருக்கு, ஏன்னா பங்க்ல அடிக்கறவங்க அப்படித்தான் அடிப்பாங்க.

இப்போ ஸ்விங் ஆக்சில். இதுதான் விஷயத்தோட வேர், கொஞ்சம் பொறுமையா படிங்க. 1960கள் வரைக்கும் வந்த பெரும்பாலான பீட்டில்கள்ல பின் ஆக்சில் ரெண்டு குழாய். ஒவ்வொண்ணும் கியர்பாக்ஸ் பக்கத்துல மட்டும் மடங்கும், வெளி முனையில சக்கரம் செங்குத்தா இறுக்கமா நிக்கும். குடையோட கம்பியை நினைச்சுக்கோங்க. கார் உடம்பு மேல எழும்பினா ரெண்டு கம்பியும் கீழ தொங்கும், சக்கரங்களோட அடிப்பாகம் உள்பக்கமா மடியும். வளைவுல காலை எடுத்தா எடை முன்பக்கம் சாயுது, பின்பக்கம் எழும்புது, வெளிச் சக்கரம் உள்ள மடியுது. டயர் தன் ஓரத்துல நிக்குது. ரோடு அந்தச் சக்கரத்தை பக்கவாட்டுல தள்ளற விசை, குழாய் வழியா காரை இன்னும் மேல தூக்குது. தூக்கத் தூக்க இன்னும் மடியும். அந்த ராம்ப்ல நடந்தது இதுதான்.

இப்சிலாண்டில உட்கார்ந்து ஸ்விங் ஆக்சில் பத்திப் பேசறது எனக்குத் தனி சுவாரஸ்யமா இருந்தது. ஏன்னா அந்த ஊர் வில்லோ ரன் தொழிற்சாலையிலதான் ஷெவர்லே கோர்வேர் தயாராச்சு. அதுவும் பின்னால ஏர் கூல்டு இன்ஜின், ஸ்விங் ஆக்சில். 1965ல ரால்ஃப் நேடர் எழுதின 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகத்தோட முதல் அத்தியாயமே 1960 முதல் 63 வரை வந்த கோர்வேர் பத்தித்தான். அதுக்கு கம்பெனி சொன்ன காத்து அளவு முன்னாடி 15, பின்னாடி 26. இதை எத்தனை பேர் ஞாபகம் வெச்சுப்பாங்கங்கறதுதான் கேள்வி. 1972ல அரசாங்க ஆய்வு அந்தக் கார் அதே காலத்து மத்த கார்களை விட மோசமில்லன்னு சொல்லிடுச்சு, அதையும் சொல்லிடறேன். எனக்கு முக்கியமா பட்டது வேற. புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே, 1964 மாடல்ல முன்னாடி ஆன்ட்டி-ரோல் பாரும் பின்னாடி குறுக்குப் பட்டையும் சேர்த்துட்டாங்க. போர்ஷேயும் 1960ல 356 சூப்பர் 90 கார்ல அதே மாதிரி ஒரு குறுக்குப் பட்டையைப் போட்டாச்சு. மருந்து கண்டுபிடிச்சு 60 வருஷம் ஆச்சு.

ஆனா மருந்துக்கு முன்னாடி ஒண்ணு சரி பண்ண வேண்டி இருந்தது. இந்தக் கட்டுரைத் தலைப்புல இருக்கற 75 மி.மீ. அதுதான்.

பாதியில விட்ட அந்த முதல் ஆள், கார் 'ரேஸ் லுக்'கா இருக்கணும்னு முன்பக்கத்தை பின்பக்கத்தை விட 75 மி.மீ. அதிகமா இறக்கி வெச்சிருந்தார். மூக்கு கீழ, வால் மேல. போட்டோவுல பிரமாதமா இருக்கும். கணக்குப் போடுங்க: 2100ல 75, ஆக கார் மொத்தமும் 2 டிகிரி முன்னால சாய்ஞ்சிருக்கு. பீட்டிலோட காஸ்டர் கோணமே 3 டிகிரி சொச்சம்தான். காஸ்டர்னா, சைக்கிள் ஃபோர்க் பின்னால சாய்ஞ்சிருக்குமே, அந்தச் சாய்வு. கையை விட்டாலும் சைக்கிள் நேரா போறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதுல 2 டிகிரி காலின்னா ஹைவேல கார் நேரா போகாது. சார் 60 மைல் வேகத்துல ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டினது இதனாலதான். வால் மேல இருந்ததால பின் சக்கரங்கள் நிக்கும்போதே லேசா உள்ள மடிஞ்சு, விழத் தயாரா இருந்தது. முன்பக்கம் இறங்கினதால டை ராடும் கோணலாகி, மேடுபள்ளத்துல ஏறினா ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பிச்சு. பம்ப் ஸ்டியர்னு படிச்சிருப்பீங்க. பிரசன்டேஷனுக்கு வெச்சிருந்த லேசர் பாயிண்டரை பிரேக் டிரம்ல டேப் போட்டு ஒட்டி, சக்கரத்தை மேலயும் கீழயும் ஆட்டினோம். கராஜ் சுவத்துல சிவப்புப் புள்ளி மேலயும் கீழயும் மட்டும் போகணும். எங்க புள்ளி வாழைப்பழம் வரைஞ்சது. மூணு வியாதி, ஒரே காரணம்: அழகு.

முன்பக்கத்தை 50 மி.மீ. ஏத்தறது சுலபம், அட்ஜஸ்டர் இருந்தது. பின்பக்கத்தை 25 இறக்கறதுதான் அழகான வேலை. பீட்டிலுக்கு பின்னாடி சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். முறுக்கற இரும்புத் தண்டு. அதோட உள் முனையில 40 பல், வெளி முனையில 44 பல். உள்ள ஒரு பல் நகர்த்தினா 9 டிகிரி, வெளிய ஒரு பல் எதிர்ப்பக்கம் நகர்த்தினா 8.18 டிகிரி. வித்தியாசம் 0.82. புரிஞ்சுதா? வெர்னியர் கேலிப்பர்! பெரிய பல்லுங்க ரெண்டை வெச்சு, ஒரு டிகிரிக்கும் குறைவான படி. ஒரு படிக்கு சக்கரத்துல சுமார் 6 மி.மீ. உயரம் மாறும். நாலு படி இறக்கினோம். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல லீஸ்ட் கவுன்ட்டை மனப்பாடம் பண்ணப்போ இதைக் காட்டியிருந்தா நான் இன்னும் சந்தோஷமா ரெக்கார்ட் எழுதியிருப்பேன். சாருக்கு இந்தக் கணக்கு தேவையே இல்ல. விரல் நகத்தால பல்லைத் தடவி எண்ணி, "நாலு"ன்னு சொல்லிட்டு உள்ள தள்ளினார்.

பின் சக்கரம் 1 டிகிரி வெளிச் சாய்வுல இருந்து 1 டிகிரிக்கு மேல உள்சாய்வுக்கு வந்தது. சுவத்துப் புள்ளி கிட்டத்தட்ட நேர்கோடு. அப்புறம்தான் மருந்து: பின்னாடி கேம்பர் காம்பன்சேட்டர்ங்கற குறுக்குப் பட்டை, முன்னாடி ஆன்ட்டி-ரோல் பார். குறுக்குப் பட்டை நடுவுல கியர்பாக்ஸுக்கு அடியில தராசு மாதிரி ஆடும், ரெண்டு முனையும் ரெண்டு ஆக்சிலையும் கீழ இருந்து தாங்கும். ஒரு சக்கரம் ஏறி ஒண்ணு இறங்கினா தடுக்காது. ரெண்டும் சேர்ந்து தொங்கப் பார்த்தா மட்டும் விடாது. இவ்வளவு புத்திசாலியான, இவ்வளவு எளிமையான பாகத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாம் வழக்கமான வேலைதான், அதைச் சொல்லி உங்களைப் போரடிக்கல.

மே மாசம், ஞாயித்துக்கிழமை காலையில அனுமதி வாங்கி ஒரு காலி பார்க்கிங் லாட். சுண்ணாம்புல 15 மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டோம். பழைய அமைப்புல போன அக்டோபர்ல எடுத்த நேரம் ஒரு சுத்துக்கு 10.1 விநாடி, அதாவது 0.59 ஜி. இப்போ 9.2 விநாடி, 0.71 ஜி. மொத்த வேகமே மணிக்கு 37 கி.மீ.தான், சிரிக்காதீங்க. எண்ணைப் பார்த்தா பெரிய சாதனை இல்ல, இன்னைக்கு ஒரு சாதாரண குடும்பக் காரே இதைத் தாண்டிடும். எங்களுக்கு வேண்டியது எண் இல்ல. சுத்திக்கிட்டே இருக்கும்போது காலை எடுத்தா என்ன ஆகும்? முதல்ல மெதுவான வேகத்துல, ஹெல்மெட்டோட, படிப்படியா ஏத்தினோம். பழைய கார் அக்டோபர்ல மணிக்கு 25லயே பின்னாடி துள்ளிக் காட்டினது. இப்போ மூக்கு லேசா வட்டத்துக்கு உள்ள திரும்பிச்சு, நின்னுச்சு. அவ்வளவுதான். சார் திரும்பத் திரும்ப, 20 தடவையாவது காலை எடுத்து எடுத்துப் பார்த்தார். முகத்துல சிரிப்பே இல்ல, டை செக் பண்ற மாதிரியே இருந்தார்.

மேடத்தைக் கூப்பிட்டது ஜூலையில. சார் கூப்பிடல, வெட்கம். நான்தான் போய், "மேடம், நானும் அந்த ராம்ப்ல அவர்கூட நாலு தடவை போயிட்டு வந்துட்டேன்"னு சொன்னேன். அவங்க என்கிட்ட எதுவும் கேட்கல, சார்கிட்டதான் கேட்டாங்க: "கால் எடுத்தியா?" எடுத்தேன்னார். ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. போய்ட்டு வர 40 நிமிஷம் ஆச்சு. இறங்கினதும் அவங்க சொன்ன முதல் புகார், கால்கிட்ட ஹீட்டர்ல இருந்து ஆயில் வாடை அடிக்குதுங்கறது. ஏர் கூல்டு இன்ஜின்ல அது நிரந்தர வியாதி, அடுத்த குளிர்காலத்து வேலை. ஆகஸ்ட்ல டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவுல பழைய கார்களோட பெரிய ஊர்வலம் நடக்கும், அதுக்கும் ரெண்டு பேரும் போனாங்க. அங்க யாரோ "ஒரிஜினலா?"ன்னு கேட்டதுக்கு சார் வாயைத் திறக்கறதுக்குள்ள மேடம், "இல்ல, இது ஒழுங்கா ஓடும்"னு சொன்னாங்களாம்.

நான் இப்போ வேற ஊர்ல வேலையில இருக்கேன். போன வாரம் சார்கிட்ட இருந்து மெயில். பெட்ரோல் டேங்க் முன்னாடிதான் இருக்கு, 40 லிட்டர். முழுசா இருந்தா முன்பக்கத்துக்கு கிட்டத்தட்ட 30 கிலோ கூடுது. டேங்க் காலியாகும்போது ஹைவேல மூக்கு லேசா அலையுதுன்னு கண்டுபிடிச்சிருக்கார். "முன்னாடி 18 பிஎஸ்ஐங்கறது எந்த டேங்குக்கு, கிட்?"னு கேட்டிருக்கார். நாங்க 314 கிலோ எடுத்தது காலி டேங்க்ல. இந்த சனி ஞாயிறு உட்கார்ந்து போடணும். உங்கள்ல யாருக்காவது வெஹிக்கிள் டைனமிக்ஸ் எலெக்டிவ் ஓடிக்கிட்டிருந்தா நீங்களும் போட்டுப் பாருங்க. விடையை எடிட்டோரியல் டீம்கிட்ட குடுத்தா எனக்கு வந்து சேரும்.